15,000 ரூபாயும் ஒரு மலை சைக்கிளும்

அக்கா மகன் இந்த வருஷம் கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். கூமாப்பட்டி டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு சைக்கிள். முன் போர்க்கில் ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங், ரெண்டு சக்கரத்திலும் டிஸ்க், 21 கியர், பச்சையும் கறுப்புமாய் பெயின்ட்.

“மாமா, 13,500 தான். எல்லாமே இருக்கு. எங்கிட்ட 15 இருக்கு. வாங்கிரவா?”

அந்தப் பதினைந்தாயிரம் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். லீவு முழுக்க மாந்தோப்பில் கூடை தூக்கினான். தோள்பட்டையில் காய்த்துப் போயிருந்ததை அக்கா காட்டினாள். அதனால் “உன் இஷ்டம்டா” என்று சொல்லி எழுந்துவர மனசு வரவில்லை.

“முதல்ல டீயச் சொல்லு மாப்ள. இது ஒரு டீல முடியிற பேச்சு இல்ல. எங்க ஓட்டப்போற?”

“மலையிலதான் மாமா. நம்ம ஊர்ல வேற எங்க?”

நியாயமான பதில்தான். பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தால் மேற்கே மலை எதிரிலேயே நிற்கிறது. 2025-ல் ஒரு காணொலியால் ஊர் பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவியதே, அதில் பார்த்தவர்களும் இந்த மலையையும் தண்ணீரையும் தேடித்தான் வந்தார்கள். ஆனால் அந்த மலை நமக்குச் சைக்கிள் விடுகிற இடம் இல்லை. 1988-ல் அது சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்துவிட்டார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலை வைத்தாலே தப்பு. அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிற யானை விடியற்காலையில் அதே வழியில்தான் திரும்பி ஏறும். அந்த நேரத்தில், அந்தப் பாதையில், 19 வயசுப் பையன் தனியாகச் சைக்கிளில் போவதை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அவன் உண்மையில் ஓட்டப்போவது எங்கே என்று சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். பிளவக்கல் அணை வரைக்கும் தார் ரோடு, பள்ளம் மேடாய். அணையிலிருந்து வருகிற கால்வாய்க் கரை. கண்மாய்க் கரை. தோப்புகளுக்குள் மாட்டுவண்டியும் டிராக்டரும் போட்ட தடம், நடுவே புல், ஓரத்தில் சீமைக்கருவேல முள். ஐப்பசி கார்த்திகையில் சேறு. தவிர வாரத்தில் ரெண்டு மூன்று நாள் வத்திராயிருப்பு வழியாகக் கல்லூரிக்கே ஓட்டிப் போகவும் ஆசை இருக்கிறதாம். இதில் ஓரிடத்தில்கூட பாறையிலிருந்து பாறைக்குக் குதிக்கிற வேலை இல்லை. வேண்டியது நல்ல பிடிமானம், நல்ல பிரேக், கல்லில் விழுந்தால் கோட்டம் ஆகாத சக்கரம், ஏற்றத்தில் கைகொடுக்கிற ஒரு லேசான கியர். அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் இருந்த சைக்கிளை இனி விலையிலிருந்து பார்க்கலாம். 13,500 என்பது உனக்கு மட்டும் பட்ஜெட் இல்லை, செய்கிற கம்பெனிக்கும் அதுதான் பட்ஜெட். கடைக்காரர் லாபம், வண்டி வாடகை, வரி எல்லாம் போக மிஞ்சுகிற தொகையில் அவன் ரெண்டு ஸ்பிரிங்கும், ரெண்டு டிஸ்க்கும், ரெண்டு கியர் மாற்றியும், இதெல்லாம் மாட்ட ஒரு பிரேமும் வாங்கியாக வேண்டும். பத்துப் பேர் சாப்பிடுகிற சோற்றை இருபது இலைக்குப் பிரித்தால் எந்த இலையும் நிறையாது. அதே பணத்துக்குச் சாமான் குறைந்த சைக்கிளை எடுத்தால் ஒவ்வொரு சாமானும் ஒரு படி நன்றாக இருக்கும். பணம் குறைவாக இருக்கும்போது நான் பிடித்துக்கொள்கிற ஒரே கணக்கு இது. சைக்கிள் கடையில் யார் என்ன சொன்னாலும் இதை விடமாட்டேன்.

“ஸ்பிரிங் இல்லாத மலை சைக்கிளா மாமா?” என்றான். முகம் சுருங்கிவிட்டது.

மலை சைக்கிள் பிறந்த கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் டமால்பைஸ் என்று ஒரு மலை. எழுபதுகளில் அந்தப் பக்கத்துப் பையன்கள் குப்பைக்குப் போகவேண்டிய பழைய சைக்கிள்களைச் சல்லிசாக வாங்கி மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கிவிட்டார்கள். ஷ்வின் கம்பெனி முப்பது நாற்பதுகளில் செய்த கனமான இரும்புச் சைக்கிள்கள் அவை. ஸ்பிரிங் கிடையாது. இருந்த ஒரே வசதி, பலூன் மாதிரி அகலமான டயர். 1976 அக்டோபரில் பந்தயமே வைத்தார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கிற பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் முழுக்கப் புகைந்து போயிருக்கும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்று பேர் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே புதிதாக ஒரு பிரேம் ஒட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் கம்பெனி தொடங்கினார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தபிறகுதான் கடையில் போய் வாங்குகிற பொருளாக அது ஆனது. அதிலும் ஸ்பிரிங் இல்லை. மலை சைக்கிளை மலை சைக்கிளாக்கியது டயரும் பிரேக்கும் கியரும். ஸ்பிரிங் பிறகு வந்து சேர்ந்தது.

நல்ல ஸ்பிரிங் போர்க்கு அருமையான பொருள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குள் எண்ணெயோ காற்றோ ஓடும். பள்ளத்தில் அமுங்கும், பிறகு நிதானமாக நிமிரும். அந்த நிதானத்துக்குத்தான் காசு, அந்தப் போர்க்கு மட்டுமே உன் மொத்தப் பணத்தைக் கேட்கும். 13,500 ரூபாய் சைக்கிளில் இருப்பது குழாய்க்குள் ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். கடையில் ஹேண்டில்பாரை ரெண்டு கையாலும் அமுக்கி விட்டுப் பார். டக்கென்று எகிறும். பள்ளத்திலும் அப்படியே எகிறி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும். ரெண்டு மழை சேற்றில் ஓட்டினால் துரு ஏறி இறுகிவிடும், பிறகு அது வெறும் எடை. சாதாரண போர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். நடு ஸ்பிரிங் இன்னும் மோசம். நீ மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு அந்தச் சுருளை அமுக்கவே போகும். கீல் இருக்கிற இடத்தில் புஷ் தேய்ந்து பின்பக்கம் ஆட ஆரம்பித்தால் ஊரில் அதற்கு ரிப்பேர் கிடையாது.

நானே ஒருமுறை இதில் விழுந்திருக்கிறேன். என் மகளுக்கு எட்டாவது படிக்கும்போது ஒரு கடையில் இதே மாதிரி ரெண்டு ஸ்பிரிங் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் பின்சக்கரத்து ஆக்ஸில் வளைந்தது. மாற்றினோம், மறுபடி வளைந்தது. ஒரு வருஷம் திண்ணை ஓரத்தில் நின்றது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆக்ஸில் ஏன் வளைந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். மலிவு கியர் சைக்கிளில் பின்னால் இருக்கிற பல்சக்கர அடுக்கு, நம் பழைய சைக்கிள் மாதிரியே ஹப்பின்மேல் மரை போட்டு இறுக்கிய பிரீவீல். பழைய சைக்கிளில் ஒரே பல்சக்கரம், அதனால் தொல்லை இல்லை. இங்கே ஏழு. ஏழு பல்சக்கரத்தின் அகலத்துக்கு ஆக்ஸில் கம்பி ஹப்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாங்குகிற பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும். கிணற்றுக்குமேல் நீட்டிய பலகையின் நுனியில் ஆள் நிற்கிற கதைதான். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் அந்த நீட்டலில் இறங்கும். கொஞ்சம் விலை கூடிய சைக்கிளில் கேசட் என்று ஒன்று வரும். அதில் அந்தப் பக்கத்து பால்ரஸ் கிட்டத்தட்ட வெளி ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஆக்ஸில் தப்பிக்கும்.

கடையில் ரெண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டான். பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பல்சக்கர அடுக்கைப் பின்னோக்கிச் சுற்று. மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு நடுவில் ஸ்பேனர் மாட்டுகிற பள்ளம் ஒன்று தெரியும். அந்தப் பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட். பல் மட்டும் சுற்றி, பள்ளம் நின்றால் பிரீவீல். பிரீவீல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. உன் எடை 58 கிலோ, ஓட்டுவது கண்மாய்க் கரை, தாங்கும். ஆனால் ஒரே விலையில் ரெண்டு சைக்கிள் நின்றால் கேசட் உள்ளதை எடு.

கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கி 21 என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதில் பாதி ஒன்றின்மேல் ஒன்று விழும். பார்க்கவேண்டியது கடைசி ரெண்டு முனைகளைத்தான். என் அப்பாவின் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சமதரைக்கு நல்லது, ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டியதுதான். 21 கியர் சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் சின்னது 24 பல், பின்னால் பெரியது 28. இதில் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மூன்று மடங்கு லேசு. அணைக்கு ஏறுகிற ரோட்டுக்கு இது தாராளம். ஷிமானோ டூர்னி அல்லது அதற்கு ஒரு படி மேலான ஆல்டஸ், இந்த ரெண்டில் ஒன்று பின்பக்கம் இருந்தால் போதும். பேரே போடாத கியர் மாற்றி என்றால் தொடாதே. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் செயின் போக்ஸ் கம்பிக்குள் போய் விழும்.

இரண்டாவது டீ வந்தது. பிரேக்குக்கு வந்தோம்.

டிஸ்க் என்ற சொல்லுக்கே இங்கே ஒரு மவுசு இருக்கிறது. டிஸ்க்கில் கம்பி இழுத்துப் பிடிப்பது ஒன்று, எண்ணெய் அழுத்திப் பிடிப்பது ஒன்று. எண்ணெய் பிரேக்தான் உசத்தி. ரெண்டு விரலில் வண்டி நிற்கும், மழையிலும் நிற்கும். ஆனால் 15,000-க்குள் நல்ல கம்பெனி எண்ணெய் பிரேக் வருவது அபூர்வம், எண்ணெய் மாற்ற ராஜபாளையமோ மதுரையோ போகவேண்டும். மலிவான கம்பி டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் நகர்ந்து தகட்டை மறுபக்கத்துக் கட்டையோடு அழுத்தும். தகடு ஒரு மயிரிழை வளைந்தாலும் சர்க் சர்க் என்று கடைசிவரை கூடவே வரும். இதற்கு ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வுகிற வி-பிரேக் எவ்வளவோ மேல். கட்டை தேய்ந்தால் வத்திராயிருப்பில் அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஒரே குறை, ரிம் நனைந்து சேறு அப்பினால் பிடிக்க ரெண்டு சுற்றுத் தாமதமாகும். ஐப்பசியில் கால்வாய்க் கரையில் இறங்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள். டெக்ட்ரோ, ஷிமானோ மாதிரி பேர் தெரிந்த கம்பி டிஸ்க் கிடைத்தால் வாங்கலாம், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

நான் ரொம்ப நேரம் நின்றது சக்கரத்தில்தான், ஏனென்றால் நம் ரோட்டில் முதலில் அடி வாங்குவது அதுதான். அலுமினியம் ரிம், அதுவும் டபுள் வால். உள்ளே ரெண்டு அடுக்குச் சுவர் இருக்கும், கல்லில் இடித்தாலும் லேசில் நெளியாது. போக்ஸ் கம்பி 32 அல்லது 36. கடையில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் பார். அந்த இடைவெளி பெருத்துச் சிறுத்தால் கோட்டம். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டு. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தரவேண்டும். ஒன்று ணங் என்றும் இன்னொன்று தொப் என்றும் கேட்டால் இறுக்கம் ஒழுங்காக இல்லை, ஒரு மாதத்தில் சக்கரம் ஆடும். கடைக்காரரிடம் வாங்குவதற்கு முன்பே கோட்டம் எடுத்துத் தரச் சொல்.

டயர் 2.1 அங்குல அகலம், முண்டு முண்டாகப் பிடிமானம் உள்ளது. இதுதான் உன் ஸ்பிரிங். நம் பக்கம் காற்று அடிக்கிறவர்கள் விரலால் அமுக்கிக் கல் மாதிரி ஆகும்வரை நிறுத்தமாட்டார்கள். மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்கு அது சரி. உன் எடைக்கு முன்னால் 30, பின்னால் 35 பவுண்டு போதும். அப்போதுதான் டயர் சின்னக் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். இன்னும் குறைத்தால் ரிம் டியூபைக் கடித்து ரெண்டு ஓட்டை போட்டுவிடும். கருவேல முள்ளுக்கு மருந்து எதுவும் இல்லை. ஒரு மாற்று டியூப், ரெண்டு டயர் லீவர், சின்னப் பம்பு, இந்த மூன்றும் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கவேண்டும். பைக்குக்கு வருகிற மாதிரி தடித்த வால்வாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் கடையில் ஏமாறாதே. நம் வீடுகளில் வளர்கிற பிள்ளை என்று சொல்லிப் பெரிய சைக்கிளாக வாங்குவது பழக்கம். மேல்பாருக்கு ரெண்டு பக்கமும் கால்போட்டு நில். பாருக்கும் உனக்கும் நடுவே ரெண்டு அங்குலமாவது இருக்கவேண்டும், மண் பாதையில் சட்டென்று காலை ஊன்ற அது வேணும். உன் உயரம் 168 சென்டிமீட்டர், பிரேம் 17 அங்குலம் பொருந்தும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக வேண்டும். சீட் உயரம் அதுதான். இந்த விஷயத்துக்காகவே படம் பார்த்து வாங்காதே, நேரில் போ.

“பழசு வாங்கலாமா மாமா?” என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. ராஜபாளையம், மதுரைப் பக்கம் ஆசையாய் வாங்கி நாலு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தினவர்கள் நிறைய. 25,000 ரூபாய்ச் சைக்கிள் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். போகும்போது ஒரு ஸ்கேலை எடுத்துப் போ. செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலை வைத்தால் 24 கண்ணி தள்ளி இருக்கிற ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழும். அது எட்டில் ஒரு அங்குலம் தாண்டிப் போயிருந்தால் செயின் தீர்ந்தது, கூடவே பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழி. பெடல் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். பிரேமில் குழாய் சேர்கிற ஒட்டுகளுக்குப் பக்கத்தில் பெயின்டில் முடிமாதிரி கீறல் ஓடினால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடு.

பணத்தை இப்படிப் பிரித்தோம். சைக்கிளுக்கு 12,000, அதற்குமேல் ஏறக்கூடாது. ஹெல்மெட், பூட்டு, பின்விளக்கு, டியூப், பம்பு எல்லாம் சேர்த்து 2,000. மிச்சம் ஆயிரம் முதல் ஓவராயிலுக்கும் பிரேக் கட்டைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரியோடு 12,000 என்று பழைய ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள் 11,250-க்கு வரவேண்டும். பழைய சரக்கு என்றால் அதைக் கேட்டு வாங்கு, கூச்சப்படாதே.

போன வாரம் வாங்கினான். புதுசுதான், மங்கலான நீல நிறம், ஸ்பிரிங் இல்லை, வி-பிரேக், பின்னால் பிரீவீல்தான் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டு போவதற்கு முன் நேரே வத்திராயிருப்பில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்கு ஓட்டி வரச் சொன்னேன். புது சைக்கிளை ஏன் பிரிக்கவேண்டும் என்று அவனுக்கு மனசில்லை. கடைக்கார அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி, கோனைத் திருகி எடுத்து, ஆக்ஸிலை உருவினார். ஹப்புக்குள் எட்டிப் பார்த்தோம். குண்டுகள் காய்ந்துபோய்ப் பளபளவென்று இருந்தன. கிரீஸ் என்று சொல்ல ஓரத்தில் ஒரு பொட்டு. இப்படியே ஓட்டியிருந்தால் முதல் மழையில் தண்ணீர் உள்ளே போய்க் கப்பை அரித்திருக்கும்.

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் குண்டுகளைக் கொட்டி அவனிடமே கொடுத்தார். “எண்ணுப்பா, ஒண்ணு கொறஞ்சாலும் சக்கரம் ஆடும்.” ஒரு பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. அவன் துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசை வைத்தான். அண்ணாச்சி கப்பு நிறையக் கிரீஸை அப்பிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். முதல் குண்டை அவன் விரல் நுனியால் அழுத்தி வைத்தான், அது கிரீஸில் அமிழ்ந்து நின்றது.

“ரீபேக்” என்றான் என்னைப் பார்த்து, அடுத்த குண்டை எடுத்துக்கொண்டே.